பாலுக்கும் நெய்க்கும் என்ன கணக்கு? செட்டிநாட்டுக் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கம் பால் எடுத்து விற்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லலிலிருந்து: அண்ணே, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரே அளவுதான் ஊற்றுகிறோம். அவருக்கு மட்டும் பணம் கூட வருகிறதே?

லிட்டரை மட்டும் பார்த்துப் பணம் போடுவதில்லை தம்பி. ஃபேட், அதாவது கொழுப்பு, எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான சத்து. இரண்டையும் பார்த்துத்தான் விலை. உங்கள் வீட்டில் கன்றைக் கடைசியில் ஊட்ட விடுகிறீர்களா? மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். முதல் பாலைக் கன்றுக்கு விட்டு, மீதியை ஒட்டக் கறந்து பாருங்கள். வைக்கோலைக் குறைத்துவிட்டு வெறும் பச்சைப் புல்லும் தவிடும் போட்டாலும் ஃபேட் இறங்கும். பால் கூட்டுறவு சொசைட்டியில் டெஸ்ட் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆவின் கொள்முதல் விலை எவ்வளவு ஏறியது?

2022 நவம்பரில் பசும்பால் 32லிருந்து 35 ரூபாய், எருமைப்பால் 41லிருந்து 44. அப்புறம் 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை. புண்ணாக்கு விலையோடு வைத்துப் பார்த்தால் இது போதாது என்பது என் கட்சி.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: நெய் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே உருக்கலாமா?

தாராளமாக, ஆச்சி. ஆனால் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் என்றால் ஒரு கிலோ நெய்க்குக் கிட்டத்தட்ட 25 லிட்டர் வேண்டும். 7 சதவீத எருமைப்பால் என்றால் 15 லிட்டருக்குள் முடியும். சேதாரம் தனி. பாலாகக் கொடுத்த காசே கடை நெய் விலையைத் தாண்டிவிடும். மிஞ்சும் மோரை வீட்டில் குடிக்கவோ விற்கவோ ஆள் இருந்தால்தான் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய், நெய்க்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் கான்ட்ராக்டர்: பங்குனி வந்தால் பாலே கிடைப்பதில்லையே?

ஐப்பசி, கார்த்திகை மழையால் மார்கழி, தையில் கண்மாய்க் கரையெல்லாம் பச்சை, பால் பொங்கும். பங்குனிக்குள் புல் காய்ந்துவிடும், வெயிலில் கலப்பினப் பசு தீவனமே எடுக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடம், அதன்மேல் தயிர், மோர், ஐஸ்கிரீம் தேவை. வைகாசி முகூர்த்தமும் இப்படித்தான். தேதி குறித்த அன்றே பால்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் ஓடினால் கேட்ட விலைதான்.

லாக்டோமீட்டர் (பாலின் கனத்தைப் பார்க்கும் கருவி) சரியாகக் காட்டுகிறது, பாலில் ஆடை மட்டும் படியவில்லை. ஏன்?

க்ரீமை எடுத்தால் பால் கனத்து டிகிரி ஏறும். தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தால் அந்தக் கருவி ஏமாந்துவிடும். ஃபேட் டெஸ்ட் கேளுங்கள்.