கீழக்கரை வெள்ளிக் கைக்கடிகாரம்: முகப்பை மாற்றலாமா?

வணக்கம். உங்கள் பாட்டனார் கொழும்பிலிருந்து கீழக்கரைக்குக் கொண்டுவந்த கைக்கடிகாரத்தின் முகப்பை மாற்றி, வெள்ளிக் கூட்டுக்குப் பாலிஷ் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்வதற்குச் சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், இரண்டுமே வேண்டாம்.

பின்மூடியின் உட்புறம் நீங்கள் கண்ட 'டபிள்யூ அண்ட் டி' முத்திரை, 1905இல் லண்டனில் தொடங்கப்பட்ட வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் நிறுவனத்தைக் குறிப்பதாகும். ரோலக்ஸ் என்ற பெயரை 1908இல் பதிவு செய்தவர்கள் அவர்களே. போலி முத்திரைகளும் உலவுவதால், வெள்ளியின் தூய்மையைக் காட்டும் .925 என்ற தரக்குறி, வெள்ளியைச் சோதித்த ஊரைக் காட்டும் ஊர்க்குறி, ஆண்டைச் சொல்லும் ஒற்றை எழுத்து ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். எனாமல் முகப்பிலுள்ள மயிரிழை விரிசலைச் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். புது முகப்பைப் பொறுக்க மாட்டார்கள். கூட்டைத் தேய்த்தாலோ, பட்டையை மாட்டும் கம்பிக் காதுகளின் பற்றவைப்பு மெலிந்துவிடும்.

எண்களிலிருந்து உதிரும் மஞ்சள் பூச்சு, ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்ததாக இருக்கலாம். அதன் ஒளி மங்கியிருந்தாலும், ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள் என்பதால் கதிர்வீச்சு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எனவே கண்ணாடியைக் கழற்றவோ, தூளை ஊதவோ, சுரண்டவோ கூடாது. பழுதுபார்ப்பவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரோலக்ஸின் 'ஆய்ஸ்டர்' என்ற நீர்புகாக் கூடு வந்ததே 1926இல்தான். அதற்கு முந்தைய கூடுகளுக்குள் நம் கடற்கரையின் உப்புக்காற்று எளிதில் புகுந்து எஃகுச் சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், உட்பொறியைச் சுத்தம் செய்து எண்ணெய் இடும்வரை சாவி கொடுக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் வையுங்கள். ரேடியம் இருக்கலாம் என்பதால் அந்த டப்பாவைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் திறவுங்கள்.