வலிப்பு நோய் உள்ள வயது வந்தவர்களின் மறதிக்கு வீட்டார் எப்படி உதவலாம்?

என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாக வலிப்பு நோய் உண்டு. மாத்திரையால் வலிப்பு கட்டுக்குள் வந்த பிறகும், சொன்னதை மறப்பதும் பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் தடுமாறுவதும் நிற்கவில்லை. கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நினைவாற்றலைப் பெருக்க முயல்வதைவிட, அதன் சுமையைக் குறைப்பதே பலன் தருகிறது.

அதற்கு முன் காரணத்தை ஆராய வேண்டும். மூளையில், நெற்றியின் பக்கவாட்டுப் பொட்டுக்கு உட்புறமாக அமைந்த டெம்போரல் பகுதியில் வலிப்பு தொடங்குபவர்களுக்கு, புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸும் அங்கேயே இருப்பதால், மறதியும் வலிப்போடு சேர்ந்தே வருவதுண்டு. வலிப்புக்குத் தரும் மருந்தும் காரணமாகலாம்: டோபிரமேட் சிலரைச் சொல் தேடித் தவிக்க வைக்கும், பினோபார்பிட்டால் சிந்தனையை மந்தமாக்கும். தூக்கக் குறைவும், பலரும் கேட்காமலேயே விட்டுவிடும் மனச்சோர்வும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. மருந்தின் மேல் சந்தேகம் இருந்தாலும் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிப்பு நோயாளிகளின் மறதிக்கென்றே அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட ஹாப்ஸ்காட்ச் என்ற பயிற்சி பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே நடைபெறுகிறது. நாட்குறிப்பு போன்ற துணைகளைப் பயன்படுத்தவும், அன்றாடச் சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கவும் அதில் பழக்குகிறார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு நோட்டுத்தான். துண்டுச் சீட்டுகளுக்கு இடமில்லை, ஏனெனில் சீட்டை எங்கே வைத்தோம் என்பதே இன்னொரு மறதியாகிவிடுகிறது. கைபேசி அலாரத்துக்கு "மருந்து" என்று பெயரிடாமல் "இரவு மாத்திரை, தண்ணீருடன், இப்போதே" என்று எழுதி வைத்திருக்கிறோம். கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பாவில் அன்றைய அறை காலியாக இருந்தால், போட்டோமா இல்லையா என்ற விவாதமே எழுவதில்லை; இரண்டாம் முறை விழுங்கிவிடும் அபாயமும் குறைகிறது. செய்துகொண்டிருந்த வேலை தடைபட்டால், எழுந்து போகும் முன் அடுத்த படியை அண்ணன் ஒரு வரியில் எழுதிவிடுவார்.

வீட்டார் பேசும் விதம் இவற்றைவிட முக்கியம் என்பது என் எண்ணம். "நேற்றுத்தானே சொன்னேன்" என்ற வாக்கியம் யாருக்கும் எதையும் நினைவூட்டியதில்லை. "நோட்டில் பார்ப்போமா?" என்று கேட்டால் அவரே தேடி எடுத்துக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு செய்தி என்று பேசுவதும், வலிப்பு வந்த அன்று பணம், வேலை பற்றிய முடிவுகளைத் தள்ளிப்போடுவதும் நல்லது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை; ஆட ஆட அந்த ஆட்டம்தான் கைவருகிறது.

மருத்துவரிடம் "மறதி அதிகமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "மருந்தின் அளவைக் கூட்டிய வாரத்திலிருந்து தெரிந்தவர்களின் பெயர்கள்கூட வருவதில்லை" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா, நினைவுத்திறன் சோதனைக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்ய அவருக்கு அது உதவும்.