சாமி சொன்னதைச் செய்யாவிட்டால் பாவமா?

நீங்கள் கேட்டது மூன்றே வரி. உங்கள் பங்கில், அதாவது உங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கோயில் பெரியவர்களே "பேசி முடித்துவிட்டார்கள்", அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் கால் வைக்க முடியவில்லை, விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் "பேசி முடித்துவிட்டார்கள்" என்ற சொல்லைப் படித்தபின் எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

நீங்கள் அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ இல்லை, விஷயம் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவர் என்று நினைக்கிறேன். பெற்றவர்களாக இருந்தால் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டிருப்பீர்கள். குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படி விஷயம் தெரிந்த ஒருத்திதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதனால் ஊர், ஆண்டு, வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வருடம் நான் மறைக்கல்வி டீச்சர். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்து ஓட்டுக் கட்டிடத்தில் வகுப்பு. புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கப்போகிற பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை, ஏழு அருட்சாதனம் எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, பீடத்தில் பூசைக்கு உதவி செய்கிற ஒரு பையன் மட்டும் நின்றான்.

"டீச்சர், சாமி சொன்னதைச் செய்யலன்னா பாவமா?"

நான் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். கறி வாங்கி வைத்திருந்தேன், சமைக்க வேண்டும். "ஆமாப்பா, சாமி சொன்னதக் கேக்கலன்னா பாவந்தானே" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

எங்கள் பக்கம் கடவுளுக்கும் சாமிதான், குருவுக்கும் சாமிதான். பங்குத்தந்தை பெரிய சாமி, உதவிப் பங்குத்தந்தை சின்ன சாமி. நான் கடவுளை நினைத்துச் சொன்னேன். அவன் கேட்டது சின்ன சாமியை.

மூன்று வாரம் கழித்து அவன் அம்மா என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோதுதான் எனக்கு அது புரிந்தது. அன்றைக்கு அவன் கேட்ட இடம், நான் பூட்டிய பூட்டு, கையில் இருந்த சாவி, எல்லாம் இப்போதும் அப்படியே கண்ணில் நிற்கிறது. என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன். நடந்தது ஒருமுறை இல்லை என்பது மட்டும் போதும்.

நானும் அவளும் நேராகப் பெரிய சாமியிடம் போனோம். வேறு எங்கே போவது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என் அப்பா சாகக் கிடந்தபோது மூன்று இரவு வந்து பக்கத்தில் இருந்து அவஸ்தை பூசியவர், அதாவது சாகக் கிடக்கிறவர்களுக்குச் செபித்துப் பூசுகிற எண்ணெயைப் பூசியவர். கடலில் போனவர்கள் திரும்பாத நாளில் எங்களோடு மணலில் உட்கார்ந்து விடிய விடிய செபமாலை சொன்னவர். அன்றைக்கும் அவர் கண் கலங்கியது. அப்புறம் சொன்னார்: "நான் பாத்துக்கிறேன். வெளிய போக வேண்டாம். பையன் எதிர்காலத்தையும் யோசிக்கணும்லா? கோயில் பேரு கெட்டா நாளைக்கு யாரு டீச்சர் நம்ம பிள்ளைகளுக்கு நிப்பா?"

நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த மாதம் சின்ன சாமிக்கு மாற்றல் வந்தது. பிரியாவிடைப் பூசை வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பூச்செண்டு கொடுக்கப் பீடச் சிறுவர்களை வரிசையில் நிறுத்தினார்கள். அந்தப் பையனையும் நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எழுந்து போய் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை.

பிறகு நான் எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கிற குழுவில், இருந்த இரண்டு பெண்களிடம் இதைப் பேசியது பெரிய சாமி காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டு, குருவானவரைப் பற்றிப் புறணி பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எடுத்துச் சொன்னார். நானும் முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்தேன். ஒரு பிள்ளைக்கு நடந்த அநியாயத்தை வாயால் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அபராதமாகப் பத்து அருள்நிறைந்த மரியே. சொல்லி முடித்து வெளியே வந்தபோது என்னுள் ஏதோ ஒன்று அறுந்துபோனது. அதன்பின் இரண்டரை வருடம் நான் பூசைக்குப் போகவில்லை.

நீங்கள் கேட்கிற இடம் இதுதானே? தப்பு செய்தவனால் விசுவாசம் போவதில்லை. அவனை மனிதன் என்று ஒதுக்கிவிடலாம். நாம் மதித்தவர், நமக்காக அழுதவர், பிள்ளையையும் கோயில் பெயரையும் தராசில் வைத்துக் கோயில் பெயரை எடுத்தாரே, அங்கேதான் போகிறது.

வீட்டில் இருந்த அந்த நாட்களில் போனை வைத்துக்கொண்டு தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பேராயராக இருந்த கர்தினால் பெர்னார்ட் லா, பிள்ளைகளைக் கெடுத்த குருக்களைப் பங்குவிட்டுப் பங்கு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். 2002-இல் பத்திரிகைகள் அதை வெளியே கொண்டுவந்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார். 2004-இல் ரோமில் அவருக்கு வேறு பதவி கொடுத்தார்கள். எந்தக் கோயிலில் தெரியுமா? சாந்தா மரியா மஜோரே, அதாவது மரியன்னைப் பெருங்கோயிலில். அந்தக் கோயிலைக் கடவுளுக்கு அர்ப்பணித்ததைக் கொண்டாடுகிற நேர்ந்தளிப்பு நாள்தான் ஆகஸ்ட் 5. நம் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவும் அதே நாள், அதே மாதாவுக்குத்தான். ரோமில் கோடையில் பனி பெய்து மாதா இடம் காட்டினாள் என்ற கதையை நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து பத்து நாளும் போவோம், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து சப்பரம் பார்த்திருக்கிறேன். அந்த மாதாவின் கோயிலையா அவர் கையில் கொடுத்தார்கள் என்று அன்று இரவு வாய்விட்டு அழுதேன்.

நம் பக்கத்திலும் உண்டு. உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் 2004-05-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வேலை பார்த்தபோது சிறுமியிடம் தவறாக நடந்ததாகப் புகார். ஊருக்குத் திரும்பிவிட்டவரை 2012-இல் இங்கே கைது செய்து, 2014-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 2015-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து அவர் திரும்பி வந்ததும், 2016 தொடக்கத்தில், குருத்துவப் பணியிலிருந்து விலக்கி வைத்திருந்த தடையை மறைமாவட்டம் நீக்கியது, அதுவும் ரோமிடம் கேட்டுக்கொண்டு. பிரான்சில் திருச்சபையே அமைத்த தனி ஆணையம் 2021-இல் கொடுத்த மதிப்பீட்டின்படி, 1950-க்குப் பிறகு குருக்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 2,16,000 பேர்.

இப்போது சிலர் கீழே வந்து எழுதுவார்கள், எனக்குத் தெரியும். "உங்க மதத்துல மட்டும்தான் இப்படி" என்று ஒரு கூட்டம். அவர்களுக்குச் சொல்கிறேன், இதை உங்கள் சண்டைக்குக் கல்லாக எடுக்காதீர்கள். யாரைப் பெரியவர் என்று பிள்ளை வணங்குகிறதோ அவரைக் கேள்வி கேட்க ஆளில்லாத இடம் எதுவானாலும் இது நடக்கும். இன்னொரு கூட்டம், "திருச்சபையின் எதிரிகளுக்குத் தீனி போடுகிறாய்" என்று வரும். என் சித்தப்பா மகனே குருதான். வெயிலிலும் மழையிலும் பைக்கில் நாலு கிளைக்கிராமம் சுற்றி உழைக்கிறவன். எல்லோரும் அப்படி என்று நான் எங்கேயும் எழுதவில்லை. திரும்பப் படித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் கோயிலுக்குப் போகாத அந்த இரண்டரை வருடத்தில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று வாரம் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும், பெண் வீட்டுப் பங்குக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். கோயில் வரி பாக்கி, திருவிழா வரி பாக்கி, எல்லாவற்றையும் கட்டினால்தான் ஓலை என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். அந்த வருடம் தொழில் இல்லை, தடைக்காலம் முடிந்தும் வலையில் ஒன்றும் விழவில்லை. என் அம்மா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினாள். நோட்டில் ஒரு ரூபாய் விடாமல் பதிந்து வைக்கத் தெரிந்த அலுவலகத்தில், அந்தப் பிள்ளையின் அம்மா வந்து சொன்னதற்கு ஒரு வரிகூடப் பதிவு இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. அதில் சாமியாருக்கும் விலக்கு இல்லை, மறைக்கல்வி டீச்சருக்கும் விலக்கு இல்லை. எனக்கு அது தெரியாது. தெரியாது என்பது பதில் ஆகாது என்றும் இப்போது தெரியும். 1098 என்ற பிள்ளைகள் உதவி நம்பர் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைத் தினமும் பார்த்திருக்கிறேன், கூப்பிடத் தோன்றவில்லை.

கடைசியில் அந்தப் பையனின் அப்பாதான் கூப்பிட்டார், ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து. வழக்கைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். போக்சோ நீதிமன்றத்தில் வக்கீல் பிள்ளையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அப்படி அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, இத்தனை நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பது. அவன் அம்மா வந்து சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அவன் சொல்லியிருந்தானே! முதலில் என்னிடம்தானே வந்தான்!

விசுவாசம் என்ன ஆனது என்று கேட்டீர்கள். நான் அதைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றுகிற நிலையில் நான் இல்லை. பூசைக்குப் போகாத நாட்களில் ஒரு சாயங்காலம் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா விளக்கேற்றி வைத்துத் தனியாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபமே வந்தது. "உனக்கு எப்படிடீ இன்னும் முடியுது?" என்று கேட்டுவிட்டேன். அவள் மணியை விரலில் பிடித்தபடியே சொன்னாள்: "சாமியார் கைவிட்டாருன்னு மாதாவும் கைவிட்டுட்டாளா டீச்சர்? அவளும் பிள்ளையப் பறிகொடுத்தவதான."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. எனக்கு உதவியது என் கோபம்தான். சிறுவர்களில் ஒருவரைக் கெடுக்கிறவனுக்குக் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது மேல் என்று சொன்னது யார்? மத்தேயு 18-ஆம் அதிகாரம், நான் வருடா வருடம் பாடம் எடுத்தது. எனக்கு இப்படிக் கோபப்படக் கற்றுக்கொடுத்ததே அந்தப் புத்தகம்தான் என்று உறைத்தபோது, அதை ஏன் நான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கோயில் அவர்களுடையதாக இருக்கட்டும், அந்த வசனம் அந்தப் பிள்ளையுடையது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஜனவரியில் சிலி நாட்டில் பாதிக்கப்பட்டவர்கள் சொன்னதை அவதூறு என்றார். அது எனக்குப் பெரிய அடி. ஆனால் ஏப்ரலில், தான் பெரிய தவறு செய்துவிட்டதாக எழுதி மன்னிப்புக் கேட்டார். 2019-இல், மூடி மறைக்கிற ஆயர்களையும் விசாரிக்க வழி செய்தார். இந்த வழக்குகளின் விவரத்தை வெளியே விடாமல் வைத்திருந்த பாப்பிறை இரகசியம் (வத்திக்கானின் இரகசிய விதி) என்ற பூட்டையும் அதே ஆண்டு எடுத்தார். போதாது. ஆனால் ஒரு பெரியவர் "நான் தப்பாகப் பேசிவிட்டேன்" என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. 2025 ஏப்ரலில் அவரை அடக்கம் செய்ததும் அதே மரியன்னைப் பெருங்கோயிலில். அன்றைக்கும் அழுதேன், வேறு மாதிரி.

இப்போது பூசைக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் இன்னும் போக முடியவில்லை. உங்களுக்குப் போக முடியாவிட்டால் போகாதீர்கள், அதற்காகப் பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் பங்கில் "பேசி முடித்த" அந்த விஷயம் இன்னும் போலீசுக்குப் போகவில்லை என்றால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கிற வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

போன வருடம் புதிதாக வந்த பங்குத்தந்தை என்னைத் திரும்ப வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார். முதல் பாடம் நான் சொல்வதுதான் என்றேன், சரி என்றார். கரும்பலகையில் 1098 என்று எழுதிவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன்: கடவுள் வேறு, சாமியார் வேறு. உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டாலோ, யாரிடமும் சொல்லாதே என்றாலோ, சாமியார் சொன்னாலும் "மாட்டேன்" என்று சொல்லலாம், ஓடி வந்துவிடலாம், அது பாவமே இல்லை.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர் சொன்னாலுமா?"

"ஆமா, டீச்சர் சொன்னாலும்" என்றேன்.