றங்குப் பெட்டியும் ஆலோசனைச் சபையும்

மதிப்புக்குரிய ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அக்குறணைப் பக்கம். 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பெயர் போட வேண்டாம். இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இஸ்லாமியக் கற்கைகளுக்கு ஒரு மையம் தொடங்குகிற யோசனை நடக்கிறது. அதன் ஆலோசனைச் சபைக்கு என்னையும் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது பேர். ஆறு வியாபாரிகள், இரண்டு மௌலவிமார், நான். “பெண் ஒருவரும் வேண்டும்தானே” என்றார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கூட்டத்துக்கு வந்தால் போதுமாம். ‘இஸ்லாமிய’ என்று பெயர் வைப்பதா ‘முஸ்லிம்’ என்று வைப்பதா என்பதிலேயே இரண்டு கூட்டம் போய்விட்டது. வெளிநாட்டுக் காசு வாங்கலாமா என்று இன்னொரு தர்க்கம். நான் சம்மதிக்கவா, வேண்டாமா?

பி.கு.: வீடு திருத்துகிறோம். உம்மாவின் வாப்பாவுடைய றங்குப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. உள்ளே பூச்சி அரித்த அரபுக் கிதாபுகள். மகாவலியில் விட்டுவிடச் சொல்கிறார்கள். பாவம் இல்லைதானே?

*

அன்புள்ள டீச்சர்,

வஅலைக்கும் ஸலாம்.

பின்குறிப்பில் போட்டதை நீங்கள் முதல் வரியில் போட்டிருக்க வேண்டும். பெட்டியை ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அன்றைக்கே இரண்டு வரி அனுப்பினேன். இது அதன் மிச்சம்.

முதலில் சபை. பெயரைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பெயர் வைத்தாலும் அறைக்கு ஒரே சாவிதான்.

காசைப் பற்றி ஒன்று சொல்லலாம். 2005இல் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் ஹார்வர்டுக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் தலா 2 கோடி டொலர் கொடுத்தார். ஜோர்ஜ்டவுனில் 1993 முதல் இயங்கிவந்த மையம் அதற்குப் பிறகு அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது. உலகம் இடிந்துவிடவில்லை. கேட்க வேண்டியது காசு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை அல்ல, எந்தக் கணக்குக்குள் வருகிறது என்பதை. பல்கலைக்கழக நிதியாளரின் பற்றுச்சீட்டோடு வந்தால் கணக்காய்வாளர் நாயகம் வரை அதைப் பார்ப்பார்கள். “முதலில் நம் ஹாஜியாரின் கணக்கில் சேர்ப்போம், பிறகு மொத்தமாகக் கொடுப்போம்” என்று யாராவது சொன்னால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். இந்த மாதிரிச் சபைகள் உடைகிற இடம் அதுதான். யாரும் திருடுவதால் அல்ல, யாரும் எழுதி வைக்காததால்.

அடுத்து அதிகாரம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி பாடம், பரீட்சை, பட்டம் எல்லாம் மூதவையின் (செனற்) கையில். சொத்து, நிதி, நியமனம் பேரவையின் (கவுன்சில்) கையில். ஆலோசனைச் சபை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. விரிவுரையாளரை நியமிக்க அதற்கு உரிமை கிடையாது, ஒரு பாடநூலை நீக்கவும் கிடையாது. இதை நீங்கள் போகிற முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி ஒன்பது பேரும் கையொப்பம் இட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது கூட்டத்தில், “இத்தனை இலட்சம் தந்தோம், எங்கள் ஊர்ப் பையனுக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாதா” என்று ஒருவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல அந்தக் காகிதம் வேண்டும். மூன்று வருடப் பதவிக்காலம், வருடத்துக்கு மூன்று பேர் மாறுவது, கூட்ட நிறைவெண் ஐந்து, வருடத்துக்கு இரண்டு கூட்டம், 14 நாளுக்கு முன் நிகழ்ச்சிநிரல். இவ்வளவு போதும்.

ஆறு வியாபாரிகள் எதற்கு? இரண்டு பேர் போதும். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் தவளம், அதாவது பொதிமாடு, ஓட்டியவர்கள். அந்தச் சரித்திரம் பழைய சிங்களத்தில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். வக்பு என்கிற அறக்கொடைச் சொத்துச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் வேண்டும். தோட்டப்புறத்துக் கடைத்தெரு முஸ்லிம்களை அறிந்தவர் ஒருவர், முஸ்லிம் அல்லாத ஆய்வாளர் ஒருவர். கடைசியாகச் சொன்னதற்கு முகம் சுளிப்பார்கள். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம் 1952இல் இஸ்லாமியக் கற்கை நிறுவனம் தொடங்கியபோது, முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்தார்கள். அதைச் சொல்லுங்கள்.

இனிப் பெட்டி.

“அரபுக் கிதாபுகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அரபு என்று எப்படித் தெரியும் டீச்சர்? எழுத்தைப் பார்த்தீர்கள், வாசித்துப் பார்த்தீர்களா? 31 வருடம் பிள்ளைகளுக்கு “வாசித்துவிட்டுச் சொல்லு” என்று சொன்னவர் நீங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கோபம் உங்கள் ஒருவர் மேல் இல்லை. மலைநாட்டில் வீடு திருத்துகிறபோதெல்லாம் இதுதான் நடக்கிறது. குர்ஆன் எழுத்து மிதிபடக் கூடாது என்ற மரியாதையில்தான் ஆற்றில் விடுகிறார்கள், மையவாடியில், அதாவது அடக்கத்தலத்தில், புதைக்கிறார்கள். அந்த மரியாதையில் பிழை இல்லை. பிரித்துப் பார்க்காமல் விடுவதுதான் பிழை. அரபெழுத்தில் இருப்பதெல்லாம் அரபு அல்ல. அதில் ஒரு பகுதி தமிழ்.

ஒரு ஏட்டை எடுத்து மேசையில் வைத்து, ஓதுகிற மாதிரியே எழுத்துக் கூட்டி உரக்க வாசியுங்கள். பத்ஹா, கஸ்ரா, ழம்மா என்ற உயிர்க்குறிகளைப் பார்த்து வாய்விட்டு. நான்காவது சொல்லில் “கொண்டு” என்றோ “இருந்தது” என்றோ காதில் விழுந்தால் அது அரபுத்தமிழ். கண்ணாலேயே பிடிக்கவும் அடையாளம் உண்டு. அரபில் இல்லாத இடத்தில் புள்ளி இருக்கும். பொதுவாக, தால் என்ற எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இட்டால் ட. நூன் என்ற எழுத்துக்கு மேலே உள்ளது போதாமல் கீழேயும் ஒன்று இட்டால் ண. அரபு உயிர்க்குறிகளில் எகரமும் ஒகரமும் இல்லை. “பெண்” என்றும் “சொல்” என்றும் எழுத அவர்கள் தனிக்குறி சேர்த்தார்கள். எழுதினவருக்கு எழுதினவர் இது கொஞ்சம் மாறும். ஒருவரின் பத்துப் பக்கம் வாசித்தால் அவர் கை பழகிவிடும்.

பல்கலைக்கழகங்கள் ஏன் இதில் தடுமாறுகின்றன என்பதற்குக் காரணம் எளிது. அரபு மட்டும் படித்தவர் சொற்களில் அரபு வேரைத் தேடுவார், கிடைக்காது, “பிழையான அரபு” என்று மூடிவிடுவார். தமிழ்த் துறைக்காரருக்கு எழுத்தே தெரியாது. இரண்டும் தெரிந்தவர் யார்? சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய, வீட்டில் தமிழ் பேசுகிற எவரும். பொருள் தெரியாமல் ஓதுகிறோம் என்று நம்மவர்கள் தம்மையே குறை சொல்லிக்கொள்வார்கள். அரபுத்தமிழில் அதே ஓதல் பொருளோடு வந்து நிற்கும். உம்மாமார் இதை வாசித்தார்கள். மௌலூது என்ற நபி புகழ்ப்பாட்டும் முனாஜாத்து என்ற இறைஞ்சற் பாட்டும் பெண்களுக்கான மஸ்அலாக்களும், அதாவது மார்க்கச் சட்ட விளக்கங்களும், இந்த எழுத்தில்தான் வீட்டுக்குள் வந்தன. இப்போது அக்குறணையிலும் மடவளையிலும் பிள்ளைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். ஓதத் தெரியும், தமிழ் வாசிப்பு நழுவுகிறது. இரண்டு கையும் உள்ள தலைமுறை உங்களுடையது. “பெண் ஒருவரும் வேண்டும்தானே” என்று உங்களைக் கூப்பிட்டவர்களுக்குத் தாங்கள் யாரைக் கூப்பிட்டோம் என்று தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை, அதுதான் எனக்கு ஆற்றவில்லை.

பெட்டியை எப்படித் திறப்பது? மழை நாளில் வேண்டாம். கண்டிப் பக்கத்துக் காற்றில் ஈரம் எப்போதும் கூட. நூற்றுக்கு 65க்கு மேலே போனால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், தாள் மொறுமொறுத்து உடையும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெள்ளைத் துணி விரித்து, எந்த அடுக்கில் இருந்ததோ அதே அடுக்கில் எடுத்து வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க வேண்டாம். செலோடேப் ஒட்டவே வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தோடு சேர்ந்துவிடும். லமினேட் செய்வது அதைவிடக் கேடு, திரும்ப எடுக்கவே முடியாது. ஈரத் துணியும் கூடாது. விளக்குக் கரி மை தண்ணீர் பட்டால் ஓடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை ஓடாது, ஆனால் தாளையே தின்னும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருந்தால் அது பூச்சி அல்ல, மை.

பூச்சி உயிரோடு இருந்தால், அதாவது புதுத் தூள் கொட்டினால், ஏட்டைக் கெட்டியான பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி ஃப்ரீஸரில் சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். மீன் வைக்கிற பெட்டியில் கிதாபா என்று பதற வேண்டாம், மீனை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் தண்ணீர் முத்து முத்தாகப் பிடிக்கும். பூச்சி செத்து, பூஞ்சணம் பிறக்கும்.

ஏடு கலைந்திருந்தால் பயம் வேண்டாம். பக்க எண் இருக்காது. பக்கத்தின் அடியில், மூலையில், சாய்வாக ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். அடுத்த பக்கத்தின் முதற்சொல் அது. அதை வைத்துக் கோக்கலாம். கடைசி ஏட்டில் எழுதினவர் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆண்டை மாற்றுவதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 1300 என்று இருந்தால், ஹிஜ்ரி தொடங்கிய கி.பி. 622ஐக் கூட்டி 1922 என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். சந்திர வருடம் சின்னது. நூற்றுக்கு மூன்று கழிக்க வேண்டும். 1300இல் 39 போனால் 1261, அதோடு 622 கூட்டினால் 1883. சரியாகச் சொன்னால் ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். கண்டியில் பிறந்த சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை தொடங்கிய 1882 டிசம்பரும், எகிப்தின் கிளர்ச்சித் தலைவர் ஒறாபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் இறங்கிய 1883 ஜனவரியும் அந்த ஒரே ஹிஜ்ரி ஆண்டுக்குள் வருகின்றன. 1922 என்று எழுதினால் இருவரும் இறந்து போன காலத்தில் உங்கள் ஏட்டைக் கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள்.

படம் எடுப்பதற்குத் தொலைபேசி முதல் பார்வைக்குப் போதும். பாதுகாப்புப் படிக்குப் போதாது. கமராவை மேலிருந்து கீழ் பார்க்கத் தாங்கியில் பூட்டி, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, ஃப்ளாஷ் இல்லை, முதல் படத்தில் அளவுகோலும் நிற அட்டையும். கட்டு இறுகிய ஏட்டை 90 பாகைக்கு மேல் விரிக்கக் கூடாது. ஓர் ஏ4 பக்கம் அங்குலத்துக்கு 400 புள்ளியில் சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 46 மெகாபைட். 200 பக்க ஏடு ஒன்று 9 கிகாபைட். இப்படி நூறு ஏட்டை ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் தாங்கும். மூன்று படி எடுக்க வேண்டும், ஒன்று வேறு மாவட்டத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று கண்டிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 1915 கலவரத்தையும் 2018 மார்ச் கலவரத்தையும் விட்டாலும், பெருக்கெடுக்கிற பிங்கா ஓயா ஆறு இருக்கிறது.

வாசித்துத் தமிழெழுத்தில் பெயர்க்கிறபோது இரண்டு வரியாக எழுதுங்கள். முதல் வரியில் எழுத்துக்கு எழுத்து உள்ளபடி, இரண்டாவது வரியில் இன்றைய வழக்கில். படித்தவர்கள் முதல் வரியை விட்டுவிட்டு நேரே “திருத்திய” தமிழ் எழுதுவார்கள். பழைய கண்டி முஸ்லிம் வீட்டுப் பேச்சு அந்தத் திருத்தத்தில் காணாமல் போய்விடும். உங்களுக்குச் சிவப்புப் பேனை கைப்பழக்கம். அதை மூடி வையுங்கள்.

மையத்துக்குக் கொடுப்பது பற்றிக் கேட்கவில்லை, கேட்கப் போகிறீர்கள். கொடையாகக் கொடுக்கலாம், இரவலாக வைக்கலாம், படம் மட்டும் எடுக்கவிட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரலாம். மூன்றில் எது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இருவர் முன்னிலையில் ஏடு எண்ணி, எத்தனை ஏடு, எந்த நிலையில், எந்தத் தேதியில் திரும்பும், யார் பதிப்பிக்கலாம் என்று போட வேண்டும். அதற்கு முன் இன்னொன்று. அது உம்மாவின் வாப்பாவுடையது. உங்கள் மாமாமாரின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஒருவர் கொடுத்து, ஆறு மாதத்தில் மற்றவர் வந்து மையத்தின் வாசலில் நிற்பது இந்த வேலையில் சாதாரணம். எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

சம்மதிக்கவா வேண்டாமா என்றுதானே கேட்டீர்கள். சம்மதியுங்கள். முதல் கூட்டத்து நிகழ்ச்சிநிரலில், அந்தக் காகிதத்தோடு இன்னும் ஒரே ஒரு விடயம் போடச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அரபுத்தமிழ் வாசிப்பு, படிப்பிப்பது நீங்கள். மௌலவிமார் இருவரையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும்.

மழை விட்டதும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஏட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். ஆண்டு தெரிந்தால் நீங்களே கணக்குப் பார்த்து எழுதுங்கள். நூற்றுக்கு மூன்று.