சிலம்பம் பழகிய கைக்கு ஃபென்சிங் வருமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 12 வயது. சில வருடங்களாகச் சிலம்பம் பழகுகிறான், வாள் சுற்றவும் தெரியும். இப்போது ஃபென்சிங்கில் சேர்த்துவிடச் சொல்கிறான். கற்றது அங்கே உதவுமா, இல்லை எல்லாம் முதலிலிருந்துதானா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். எதிராளி எட்டும் தூரத்தில் இருக்கிறானா என்று கணிக்கும் கண் அவனுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கும். கைப்பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபென்சிங் வாளுக்கும் நிஜ வாளுக்கும் எடையில்தான் வித்தியாசம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபென்சிங்கில் மூன்று வகை வாள் உண்டு: ஃபாயில், சேபர் இரண்டும் 500 கிராமுக்குள், எப்பே 770 கிராமுக்குள். இரு கையால் பிடிக்கும் பழைய ஐரோப்பிய நீள்வாளும் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ சுமார்தான். சினிமாவில் முக்கித் தூக்குவதெல்லாம் சும்மா. உண்மையான வித்தியாசம், அடி பட்ட பிறகு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது.

எப்பே நாக்-அவுட் ஆட்டத்தில் 15 புள்ளி எடுத்தால் வெற்றி. 14-13 என்று முன்னிலையில் இருப்பவர், எதிராளியோடு ஒரே நேரத்தில் குத்து வாங்கினாலும் கவலைப்பட மாட்டார். இருவருக்கும் ஒரு புள்ளி, 15-14, ஆட்டம் முடிந்தது. நிஜ வாளாக இருந்தால் இருவருமே தரையில் கிடப்பார்கள். அந்தக் காலத்து ஆசான்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது, அடிபடாமல் அடிப்பதைத்தான். வாளை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டுவது, கைப்பிடியால் முகத்தில் இடிப்பது எல்லாமே 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆசான் ஃபியோரேயின் சுவடிகளில் படமாகவே இருக்கின்றன. ஃபென்சிங்கில் அதைச் செய்தால் அட்டை காட்டுவார்கள்.

உங்கள் மகனுக்கு என் தேர்வு சேபர். வெட்டும் உண்டு, இடுப்புக்கு மேலே தலை, மணிக்கட்டு வரை கை எல்லாம் இலக்கு. நம் சென்னைப் பெண் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதும் இதில்தான். ஆனால் அடி பட்டதைக் காட்டும் மின்கருவி வந்த பிறகு சேபரில் ஓங்கி வெட்டத் தேவையே இல்லை, வாளின் அலகு பட்டாலே விளக்கு எரியும். சிலம்பக்காரப் பையன் பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் இழுத்து வீசுவான். அதற்குள் அவன் முன்கையில் அடி விழுந்திருக்கும். சேபரில் இருவர் விளக்கும் எரிந்தால், எப்பே போல இருவருக்கும் இல்லை, முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே புள்ளி. எதிராளி அவர் வாளைத் தடுத்துவிட்டுத் திருப்பி அடித்தால் அந்தப் புள்ளி உரிமை எதிராளிக்குக் கைமாறும்.

அப்புறம் கால். சிலம்பத்தில் வட்டமாகச் சுற்றிக் கால் மாற்றி வைக்கிறோம். ஃபென்சிங் தளம் 14 மீட்டர் நீளம், அதிகபட்சம் 2 மீட்டர் அகலம், அவ்வளவுதான். சேபரில் முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டினாலே தப்பு. முதல் சில மாதங்கள் இதில்தான் திணறுவான். அதற்காகச் சிலம்பத்தை நிறுத்த வேண்டாம். இரண்டும் வேறு வேறு ஆட்டம் என்று மனதில் பதிந்துவிட்டால் குழப்பம் வராது.

இன்னொன்று, முகக்கவசம் வந்ததும் இரும்பு வாளை எடுத்து வீட்டு மாடியில் மோதிப் பார்க்கத் தோன்றும். கண்டிப்பாக விடாதீர்கள். அந்தக் கவசம் லேசான அலகுக்காகச் செய்தது. பின்மண்டையில் ஒரு பட்டையைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது.