பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் முன் பயிற்சி வகுப்பு அவசியமா?

சாலையில் பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம் இருக்கும்போது, இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டப் பயிற்சி வகுப்பு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தேவை. ஸ்ரீபெரும்புதூர் அருகே சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில், சாலைப் பழக்கங்கள் பலவும் உதவாமல் போகும்.

முதலில் மாற வேண்டியது பிரேக் பிடிக்கும் முறை. டயருக்குத் தரையில் உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. வேகத்தைக் குறைக்கவும் வண்டியைத் திருப்பவும் அதுவே பங்கிடப்படுவதால், நேர்த்தடத்திலேயே அழுத்தமாகப் பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப மிதியைச் சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், எடை முன்சக்கரங்களுக்கு நகர்ந்து, பின்பகுதி பிடிப்பிழந்து வண்டி சுழலக்கூடும். பார்வையும் முக்கியம்: வளைவுக்குள் நுழையும்போதே கண் அது முடியும் இடத்தைத் தேட வேண்டும். இதைப் பக்கத்தில் அமர்ந்து திருத்த ஒரு பயிற்றுநர் இல்லாமல் பழகுவது மிகக் கடினம்.

காரைப் பொறுத்தவரை, என்ஜின் திறனைவிட பிரேக் ஆயிலைப் பற்றியே நான் கவலைப்படுவேன். வேகம் இருமடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். டாட் 4 (DOT 4) என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பழைய ஆயிலில் அது 155 டிகிரி அளவுக்கு இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவானால், மிதி அடிவரை இறங்கினாலும் வண்டி நிற்காது. ஆகவே புதிய ஆயில் மாற்றிவிட்டே செல்லுங்கள்; கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுங்கள். சாதாரண வாகனக் காப்பீடு இத்தகைய ஓட்டத்தில் நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.