ஒரு தோட்டா 'பொப்' என்றது; மீதி 380 தோட்டாக்களை என்ன செய்வது?

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சங்கம்) போட்டிகளில் 9 எம்எம் பிஸ்டலோடு கலந்துகொள்பவர். ப்ரோக்ரெஸிவ் ப்ரெஸ்ஸில் (லீவரை இழுக்க இழுக்கப் பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் கருவி) 500 தோட்டாக்கள் ரீலோட் செய்து, அதாவது சுட்ட கூடுகளை மறுபடி நிரப்பி, பயிற்சியில் 119 சுட்டிருக்கிறார். அடுத்தது வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொப்' என்றதாம். ஸ்லைடும் (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பின்னால் போகவில்லை. கை தானாக ரேக் செய்யப் போன (ஸ்லைடை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றப் போன) நேரத்தில் பக்கத்தில் நின்றவர் "ஸ்டாப்" என்று கத்த, நிறுத்திவிட்டார். பிரித்துப் பார்த்தால் பேரலுக்குள் (குழலுக்குள்) புல்லட் (தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு) சிக்கியிருந்தது. "மீதி 380 தோட்டாக்களையும் தராசில் எடை போட்டு, எடை குறைந்தவற்றை மட்டும் ஒதுக்கினால் போதுமா? வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டி இருக்கிறது" என்பது அவர் கேள்வி.

போதாது. அந்த 380-ல் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 9 எம்எம் தோட்டாவில் பவுடர் (வெடிமருந்து) சில கிரெயின்கள்தான் இருக்கும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்றால் அது எவ்வளவு சிறிய அளவு என்று தெரியும். ரேஞ்சில் பொறுக்கிய கேஸ்களோ (தோட்டாவின் பித்தளைக் கூடுகள்) பல கம்பெனிகளுடையவை. அவற்றின் எடையே ஒன்றுக்கொன்று சில கிரெயின்கள் மாறும். புல்லட்டின் எடையும் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் பவுடரே இல்லாத ஒரு தோட்டா, கனமான கேஸ் காரணமாக, சரியான தோட்டாவின் எடையையே காட்டலாம். தராசு பொய் சொல்லவில்லை. நாம் தேடும் வித்தியாசம் மற்ற வித்தியாசங்களுக்குள் மறைந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் எடை குறைந்த தோட்டாவைத் தேடுகிறீர்கள். நான் பயப்படுவது எடை கூடியதற்கு. பவுடரை அளந்து போடும் மெஷரில் பவுடர் கட்டிக்கொண்டு ஒரு கேஸில் விழாமல் போனால், தங்கிய பவுடர் அடுத்த கேஸில் சேர்ந்து விழலாம். பாதியில் ப்ரெஸ் சிக்கி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டியிருந்தால் ஒரே கேஸில் இரண்டு முறை விழுந்திருக்கலாம். 9 எம்எம்முக்கு, தோட்டாக்களுக்குத் தர அளவு வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ. இரட்டை அளவு அதை எங்கோ தாண்டிவிடும். பவுடர் இல்லாத தோட்டா ஒன்று கிடைத்தால், அதன் அண்டை வீட்டுத் தோட்டாவையும் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் ப்ரெஸ்ஸை நான் பார்க்கவில்லை என்றாலும் நீங்களே ஒன்றைச் சோதிக்கலாம். சிக்கிய புல்லட்டுக்குப் பின்னால், சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்), அந்தக் காலி கேஸில் என்ன இருந்தது? வெறும் கரி மட்டும் என்றால் பவுடரே விழவில்லை. பிரைமரின் (கேஸின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி) வேகம் மட்டுமே புல்லட்டைப் பேரலுக்குள் தள்ளியிருக்கிறது. எரியாத பவுடர் கட்டி கட்டியாகக் கொட்டினால் பவுடர் இருந்தும் பிடிக்கவில்லை. தண்ணீரில் கழுவிய கேஸ் சரியாகக் காயாமலோ, கேஸுக்குப் பூசும் லூப் எண்ணெய் உள்ளே போயோ இருக்கலாம். முதல் வகையென்றால் மெஷரையும் உங்கள் பழக்கத்தையும் பாருங்கள். இரண்டாவதென்றால் கேஸ்களைப் பாருங்கள். எதுவானாலும் அந்த 380 தோட்டாக்களையும் பிரிக்கத்தான் வேண்டும்.

பழக்கம் என்றேன். நான் பார்த்தவரை இந்தத் தவறு பெரும்பாலும் ஒரு தடங்கலில்தான் பிறக்கிறது. பிரைமர் சரியாக உட்காரவில்லை, கேஸ் சாய்ந்துவிட்டது, போன் அடித்தது. எழுந்து போய்த் திரும்பி வந்து எந்த இடத்தில் விட்டோம் என்று நினைவை நம்பித் தொடர்கிறோம். எனக்கு ஒரே விதிதான்: லீவரின் ஓட்டம் ஒருமுறை தடைபட்டால், ஷெல் ப்ளேட்டில் (கேஸ்களைத் தாங்கிச் சுற்றும் தட்டு) இருக்கும் கேஸ்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பவுடரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். ஐந்து கேஸ் வீணானால் போகட்டும். டில்லன் 550 போலக் கையால் சுற்றும் ப்ரெஸ்ஸில் இது இன்னும் முக்கியம். சுற்ற மறந்து லீவரை இழுத்தால் அதே கேஸில் மறுபடி விழும். தானாகச் சுற்றும் 750-ல் அந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. அதில் ஐந்தாவது ஸ்டேஷன் இருப்பதால் பவுடர் அளவு தவறினால் காட்டிக்கொடுக்கும் பவுடர் செக் டை வைக்க இடமுண்டு, வையுங்கள். அதற்கு மேலும், ப்ரெஸ்ஸுக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கு ஒட்டி, புல்லட் வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண்ணால் பாருங்கள்.

அந்தக் கண் வேலை செய்ய வேண்டுமென்றால் பவுடரும் ஒத்துழைக்க வேண்டும். டைட்க்ரூப் போன்ற அடர்த்தியான பவுடர் கேஸின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும்; இருமடங்கு விழுந்தாலும் வழியாது. பவுடர் அளவுகள் தரும் உங்கள் லோட் புத்தகத்திலிருந்து, கேஸில் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடரைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை விழுந்தால் வழிந்து அதுவே காட்டிக்கொடுக்கும். புத்தகத்தின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, அதன் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும், அதுவும் கம்பெனி டப்பாவிலேயே. இருபது தோட்டாவுக்கு ஒருமுறை மெஷர் தருவதைத் தராசில் போட்டுப் பாருங்கள். தராசு அங்கேதான் பயன்படும்.

அப்புறம், சுடும் இடத்தில் நடந்தது. ரேக் செய்யப் போன கையைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். தட்டி, ரேக் செய்து, தொடர்ந்து சுடு என்றுதான் போட்டிப் பயிற்சி நம்மைப் பழக்குகிறது. 'க்ளிக்' என்று மட்டும் கேட்டால் அது சரி. 'பொப்' என்று கேட்டாலோ கையில் அடி வழக்கத்தைவிட மென்மையாக இருந்தாலோ அங்கேயே நிற்க வேண்டும். புல்லட் சேம்பரை ஒட்டியே நின்றால் அடுத்த தோட்டா உள்ளே போகாமல் காப்பாற்றும். ஓர் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் சுகமாக உள்ளே போய்விடும், அப்புறம் பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, பேரலைத் தனியே எடுத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே வந்தது காலி கேஸாக இருந்தும் ஸ்லைடு ஓடவில்லை என்றால் புல்லட் உள்ளேதான் இருக்கிறது என்று வையுங்கள். இன்னொரு தோட்டாவால் அதைத் தள்ளப் பார்க்கவே கூடாது. பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கலாம், கைப்பழக்கம் இல்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். பேரலில் வளையம் போல வீக்கம் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டியில் ரேஞ்ச் ஆபீசர் இதே சந்தேகத்தில் "ஸ்டாப்" சொன்னால் வாதாட வேண்டாம். சந்தேகம் தவறென்று தெரிந்தால் மறுபடி சுட வைப்பார்கள். உண்மையாக இருந்தால் அந்த ஸ்டேஜின் மீதிப் புள்ளிகள்தான் போகும், விரல்கள் போகாது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மேலே சொன்னது அங்கே செய்து பார்ப்பதற்கல்ல.

380 தோட்டாக்களைப் பிரிக்க, புல்லட்டை உருவி எடுக்கும் கருவிகளில், சுத்தியல் மாதிரியான புல்லரைவிட, பிடித்து இழுக்கும் காலெட் புல்லர் வேகமானது. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மாலைகளில் முடிக்கலாம். கொட்டிய பவுடரை டப்பாவில் திருப்பிப் போடாமல் அப்புறப்படுத்துங்கள். கேஸ், புல்லட், பிரைமர் மூன்றும் மீதியாகும். ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்கிய 124 கிரெயின் தோட்டாக்களோடு போங்கள். போட்டி விதிப்படி, புல்லட்டின் கிரெயின் எடையை வேகத்தால் (வினாடிக்கு எத்தனை அடி) பெருக்கி 1000-ஆல் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 1,050 அடி வேகம் வந்தாலே 130 ஆகிவிடும். ஆனாலும் சனிக்கிழமையே உங்கள் பிஸ்டலில் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.